உங்களுக்குத் தெரியுமா? சதுரங்க எந்திரத்துக்கும் அளவு பார்க்க வேண்டும்!

ராணிக்கு 9, சிப்பாய்க்கு 1 என்ற கணக்கு கணினிக்குப் போதாது. ராஜாவின் பாதுகாப்புக்கு எத்தனை மதிப்பெண்? ஒரே வரிசையில் முன்பின்னாக நிற்கும் இரட்டைச் சிப்பாய்களுக்கு எவ்வளவு குறைப்பது? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ‘டீப் தாட்’ எந்திரத்தை உருவாக்கிய குழு ஊகத்தை மட்டும் நம்பவில்லை. கைதேர்ந்தவர்களின் பழைய ஆட்டங்களைக் கொடுத்து, அவர்கள் வைத்த நகர்வுகளோடு எந்திரத்தின் மதிப்பீடு நெருங்கும்படி எண்களை மாற்றிக்கொண்டே வந்தது. புதியம்புத்தூர்த் தையல்காரர் சட்டையை இங்கே பிடித்து, அங்கே விட்டுத் தைப்பது போலத்தான்! அந்தக் குழுவில் ஒருவர் வாரணாசியில் படித்த தாமஸ் அனந்தராமன். நம் பிள்ளைகள் அறிய வேண்டிய பெயர். 1988இல் டீப் தாட், டென்மார்க்கின் பெண்ட் லார்சனை வென்றது. முறையான போட்டித் தொடரில் ஒரு கிராண்ட்மாஸ்டர் கணினியிடம் தோற்றது அதுவே முதல்முறை.