நம்ம தெருவுல தண்ணி நிக்குமா? மழை அறிவிப்பைப் படிப்பது எப்படி?

"நாளைக்கு 10 சென்டிமீட்டர் மழையாம். நம்ம தெருவுல தண்ணி நிக்குமா?" வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் சென்னையில் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. மழை அளவை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எத்தனை மணி நேரத்தில் பெய்யும் என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், 10 சென்டிமீட்டர் பெய்தால் சுமார் 22,000 லிட்டர். மண் தரையானால் ஒரு பங்கு உள்ளே இறங்கும். சிமெண்ட் தளமானால் ஏறக்குறைய எல்லாமே மழைநீர் வடிகாலுக்குத்தான் ஓடும். அது ஒரு நாள் முழுக்கப் பரவலாகப் பெய்தால் மணிக்கு 1,000 லிட்டர்கூட வராது. இரண்டே மணி நேரத்தில் கொட்டினால் மணிக்கு 11,000 லிட்டர்! வடிகால் நிரம்பி, மிச்சம் தெருவில் நிற்கும்.

வானிலை ஆய்வு மையம் சொல்லும் கனமழை (64.5 மி.மீ. முதல்), மிக கனமழை (115.6 மி.மீ. முதல்), அதி கனமழை (204.4 மி.மீ.க்கு மேல்) எல்லாமே 24 மணி நேர அளவுகள். எந்த நேரத்தில் கொட்டும் என்பதை அவை சொல்லாது.

இன்னொன்று கடல். வடிகால் தண்ணீர் கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு போன்றவற்றின் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஓதத்தால் கடல் மட்டம் உயர்ந்திருக்கும்போது ஆறு மெதுவாகத்தான் வடியும். மழை விட்ட பிறகும் தண்ணீர் இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கென உருவான 'சி-ஃப்ளோஸ்' வெள்ள எச்சரிக்கை அமைப்பு, மழை முன்னறிவிப்போடு ஆற்றின் ஓட்டம், கடல் ஓதம், நிலத்தின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• முதல் நாளே 'டிஎன்-அலர்ட்' செயலியில் உங்கள் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். தாழ்வான பகுதியானால் வண்டியை மேடான இடத்தில் நிறுத்துங்கள்.
• மழை நாளில் அடுத்த 3 மணி நேரத்துக்கான அறிவிப்பை அவ்வப்போது பாருங்கள். ரேடார் படத்தையும் வைத்துச் சொல்வதால், திடீர் மழைக்கு இதுவே கைகொடுக்கும்.
• வடிகால் வாயில் குப்பை அடைத்திருந்தால் மழைக்கு முன்பே மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லுங்கள். வாய் அடைத்திருந்தால், எவ்வளவு பெரிய வடிகாலும் உதவாது.