குழந்தையும் குடும்ப ஒற்றுமையும்

மக்களின் பருவங்கள் பலவற்றுள்ளும் விரைந்த வளர்ச்சி உடையது குழந்தைப் பருவம். பிறந்த குழவியின் மூளை, வளர்ந்தோர் மூளையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இருக்கும். இரண்டாண்டு நிறைவதற்குள் அது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினை எட்டிவிடுகிறது. இவ்வளர்ச்சிக்குப் பாலும் சோறும் வேண்டும். உறக்கமும் தூய காற்றும் வேண்டும். அவற்றோடு வேண்டப்படுவது மற்றொன்றும் உண்டு. தன்னைச் சூழ்ந்து வாழ்வோர் தமக்குள் கொண்டுள்ள உறவே அது.

குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள்தோறும் நோக்கி மகிழும் வழக்கம் தமிழர்க்குப் புதியது அன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுக்கின்றது. மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஒன்பதாம் திங்களில் சப்பாணி என அப்பருவங்கள் தொடர்கின்றன. குழவி தலைநிமிர்த்தி அசைவதையும், இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவதையும் பழந்தமிழ்ப் புலவர் கூர்ந்து நோக்கினர். இக்கால உளநூலாரோ அதே இளம்பருவத்துக் குழவியின் உள்ளத்தினை ஆராய்கின்றனர்.

நெடுங்காலம் உளநூலார் தாய், சேய் என்னும் இருவர் உறவினையே பெரிதும் ஆராய்ந்து வந்தனர். சுவிட்சர்லாந்து நாட்டில் லோசான் என்னும் நகர் உளது. அங்கு எலிசபெத் ஃபீவா தெப்பர்சான்ஜ், அந்துவானெத் கோர்போ வார்னெரி என்னும் அறிஞர் இருவர், தந்தையையும் சேர்த்து மூவர் உறவினை ஆராயப் புகுந்தனர். அவர்கள் ஒரு விளையாட்டினை வகுத்தனர். தாய், தந்தை, குழவி மூவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமர்வர். முதலில் பெற்றோருள் ஒருவர் குழவியுடன் விளையாட, மற்றவர் பார்த்திருப்பார். அடுத்து, பார்த்திருந்தவர் விளையாட, விளையாடியவர் ஒதுங்கி இருப்பார். பின்னர் மூவரும் கூடி விளையாடுவர். இறுதியில் பெற்றோர் இருவரும் தமக்குள் உரையாட, குழவி அவர்களைப் பார்த்திருக்கும்.

இவ்வாராய்ச்சியில் கண்ட உண்மை வியப்பிற்கு உரியது. பேச்சறியாத மூன்று, நான்கு திங்கட் குழவிகளும் தாயை நோக்கி நகைத்து, அந்நகை மாறுமுன் தந்தையை நோக்கின; ஒருவரிடம் பெற்ற மகிழ்ச்சியை மற்றவரிடம் கொண்டு சென்றன. சில குடும்பங்களில் ஒருவர் விளையாடுங்கால் மற்றவர் பொறுத்திருந்து, தம் முறை வந்தபோது இயல்பாகச் சேர்ந்துகொண்டனர். அங்கு விளையாட்டு இனிது நடந்தது. வேறு சில குடும்பங்களில் ஒருவர் குறுக்கிட்டார், அல்லது இருவரும் போட்டியிட்டனர்; அங்கு விளையாட்டுச் சிதைந்தது. இவ்வாராய்ச்சியின் முடிபுகளை 1999ஆம் ஆண்டில் அவர்கள் நூலாக வெளியிட்டனர். குழந்தை தாயினிடம் ஒன்றும் தந்தையினிடம் ஒன்றும் பெறுவதோடு அமைவதில்லை. அவ்விருவர்க்கும் இடையே நிலவும் இணக்கத்தையும் பெறுகின்றது என்பது இதனால் விளங்கும்.

பெற்றோர் முகத்தைக் குழந்தை எத்துணைக் கூர்ந்து நோக்கும் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1960ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு உளநூலார் எலினார் கிப்சன், ரிச்சர்டு வாக் ஆகிய இருவரும் ஒரு கண்ணாடி மேடையைப் பற்றி எழுதினர். அதன் ஒருபாதியில் கண்ணாடிக்கு அடுத்துத் தரை தோன்றும். மறுபாதியிலோ கண்ணாடியினூடே கீழே பள்ளம் தோன்றும். கண்ணாடி வலியது, ஆதலின் விழுதற்கு இடமில்லை. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பள்ளத்தின் ஆழத்தைச் சிறிதாக்கி, ஓராண்டு நிரம்பிய குழந்தைகளை அம்மேடையில் விட்டனர். தாயர் எதிர்ப்புறம் நின்றனர். தாய் மகிழ்ச்சி முகம் காட்டியபோது 19 குழந்தைகளுள் 14 குழந்தைகள் கடந்து சென்றன. தாய் அச்சம் காட்டியபோதோ 17 குழந்தைகளுள் ஒன்றேனும் கடக்கவில்லை. பள்ளம் ஒன்றே, முகமே வேறு. அச்சமோ துணிவோ கொள்ளவேண்டிய இடத்தைக் குழந்தை தன்னைப் பேணுவோர் முகத்தில் படித்து அறிகின்றது. படிக்கும் முகங்கள் இரண்டும் ஒன்றற்கொன்று மாறானவற்றைக் கூறுமாயின், குழந்தை எதனை நம்பும்?

நாள்தோறும் வீட்டில் நிகழ்வதொன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் உண்ணும் வேளையில் வெல்லம் கேட்கின்றான். “சாப்பிட்ட பிறகு தருகிறேன், கண்ணே” என்கிறாள் தாய். சிறுவன் தந்தையிடம் ஓடுகின்றான். தந்தை ஒரு துண்டு வெல்லத்தைக் கொடுத்து, “அம்மாவிடம் சொல்லாதே” என்கிறார். அன்பினால் செய்த செயலே அது. ஆயினும் அச்சிறுவன் வெல்லத்தோடு வேறு மூன்றும் பெற்றுக்கொண்டான். தாயின் சொல் தள்ளத்தக்கது என்பது ஒன்று. தாய் கடியவள் என்பது இரண்டு. மறைத்தல் பயன் தரும் என்பது மூன்று. தாய் கூறியதில் தந்தைக்கு உடன்பாடு இல்லையேல், அதனை அவளிடமே கூறி, இருவரும் கலந்து ஒரு முடிவு செய்திருத்தல் தகும். அம்முடிவு கால் துண்டு வெல்லமாகவே இருப்பினும், அது இருவர் கையாலும் கொடுத்ததாக ஆகும்.

இதனினும் கொடியது, குழந்தையை ஒருவர் தம் கட்சியில் சேர்த்துக்கொள்ள முயல்வதாகும். 1921ஆம் ஆண்டில் அர்சென்டினா நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சால்வடார் மினுச்சின் என்னும் மருத்துவர், 1974ஆம் ஆண்டில் குடும்பங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பெற்றோர் இருவரும் தத்தம் பக்கம் வருமாறு அழைக்கும்போது, குழந்தை எப்பக்கம் அடியெடுத்து வைப்பினும் மற்றவர்க்குப் பகையாகிவிடுகின்றது என்று அவர் விளக்கினார். இருபுறமும் இழுக்கப்படும் கயிறு அறும். குழந்தையின் உள்ளமும் அத்தகையதே.

அங்ஙனமாயின், பெற்றோர் ஒருபோதும் கருத்து வேறுபடுதல் ஆகாதோ எனின், அவ்வாறன்று. பானையும் பானையும் இருக்குமிடத்தில் ஓசை எழுதல் இயற்கை. மார்க் கம்மிங்சு முதலிய ஆராய்ச்சியாளர், பூசல் நிகழ்வதைக் காட்டிலும் அது முடியும் வகையே குழந்தைக்குப் பெரிது என்று கண்டனர். பெற்றோர் தம்முள் மாறுபட்டுப் பின் இணங்குவதைக் கண்ட குழந்தையின் கலக்கம் தணிகின்றது. மறைவில் இணங்கியபின், “எங்கள் பூசல் தீர்ந்தது” என்று குழந்தைக்கு எடுத்துரைப்பினும் நன்மை உண்டு. பேசாது முகந்திருப்பிக் கொண்டிருத்தலோ, ஓசையில்லாத பூசலே ஆயினும், குழந்தையின் கண்ணுக்குத் தப்புவதில்லை. தீர்ந்த பூசலைக் காணும் குழந்தை, சினம் கொண்டோரும் மீண்டும் அன்பு கொள்வர் என்னும் அரும்பாடத்தைக் கற்கின்றது. அதனைத் தன் தோழரிடத்தும் பின்னர்க் கையாளும்.

கூடி வளர்த்தல் என்பது தாய் தந்தையர்க்கு மட்டும் உரியதன்று. தந்தை தொலைவிடத்தில் தொழில் செய்யும் வீடுகள் உண்டு. தந்தையையோ தாயையோ இழந்த வீடுகளும் உண்டு. அங்கெல்லாம் பாட்டியோ, மாமனோ, அத்தையோ உடனிருந்து வளர்க்கின்றனர். அவரும் வளர்ப்பவரும் ஒருவர் சொல்லை மற்றவர் தாங்கி, ஒருவர் தளர்ந்தபோது மற்றவர் கைகொடுப்பாராயின், அக்குழந்தையும் குறைவின்றி வளரும். மருமகள் அதட்டிய பிள்ளையை மடியிலிட்டுக்கொண்டு, “உன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது” என்னும் பாட்டி, அன்பினாலேயே அதன் நிலைக்களத்தை அசைக்கின்றாள். “அம்மா உன் நன்மைக்குத்தான் சொன்னாள்” என்று கண்ணீரைத் துடைக்கும் பாட்டியோ, தாயின் சொல்லையும் காத்து, பேரனின் உள்ளத்தையும் ஆற்றுகின்றாள்.

வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. தம்பி தங்கையர் அவர்தம் சொல்லைக் கேட்டுச் சொல்லையும், சினத்தைக் கண்டு சினத்தையும் கற்கின்றனர். தாய் விலக்கியதைத் தம்பிக்கு மறைவாகக் கொடாமையும், தந்தை கூறியதைத் தாயிடம் திரித்துக் கூறாமையும் மூத்தோர் செய்யத்தக்க சிறு கடமைகள். வீட்டிலுள்ளோர் ஒருவர்க்கொருவர் காட்டும் மதிப்பே குழந்தை முதன்முதல் படிக்கும் பாடநூல். அந்நூலை அக்குழந்தைக்காக எழுதுவோர் அவ்வீட்டில் வாழ்வோர் அனைவருமே ஆவர்.