கவட்டைக் கட்டையில் ரம்பம் வைக்குமுன்

பெங்களூரில் கோடைமழை ஒன்று அடித்தால் போதும், சாலையோர மரங்கள் சாய்கின்றன. கடைசல் பழகுபவர்கள் மறுநாளே கவட்டையைத் தேடி வந்துவிடுகிறார்கள். கிளை பிரியும் இடத்தில் நார் பின்னிக் கிடப்பதால் அதில் கடைந்த கிண்ணம் அழகாக இருக்கும். அதே பின்னல் கையையும் பதம் பார்க்கும்.

முதலில் காகிதம். சாலையில் விழுந்த மரம் உங்களுடையதல்ல. உங்கள் வீட்டு மரமானாலும், 1976ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி வெட்டுவதற்கு மர அலுவலரின் முன்அனுமதி வேண்டும். கிளை அகற்ற வந்த ஆள் ‘எடுத்துக்கோங்க’ என்று வாயால் சொன்னது அனுமதி ஆகாது. மாநகராட்சி வனப்பிரிவுக்கு மனு எழுதுங்கள்: மரத்தின் பெயர், நிற்கும் இடம், வெட்டும் காரணம், படங்கள், கத்தா (சொத்துப் பதிவு) நகல். கொடுத்ததற்குத் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். 2025இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டது. உங்கள் வார்டு எதில் வருகிறதென்று முதலில் கேளுங்கள், தவறான மேசையில் மனு தூங்கும். சந்தனமாக இருந்தால், சொந்த நிலத்து மரமேயானாலும், வனத்துறையைக் கேட்காமல் தொடவே வேண்டாம். என்ன மரமென்று தெரியாவிட்டால் மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

இனி வெட்டு. தண்டின் அடியில் ஒரு குருத்து (வளையங்கள் தொடங்கும் புள்ளி), இரு கிளை முனைகளில் இரண்டு. மூன்றையும் சேர்த்துச் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே பிளக்க வேண்டும். சாய்ந்து வளர்ந்த மரத்தில் குருத்து நடுவில் இராது, ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும். கண்மதிப்பில் நடுவே பிளந்தால் காயும்போது கோணிக்கொண்டு வெடிக்கும். வெட்டு வாய் மூடிச் செயின்சாவைக் கவ்வுவதும் இத்தகைய கட்டையில்தான். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த ஆப்பை உடனுக்குடன் செருகுங்கள், இரும்பு ஆப்பு வேண்டாம். விளம்பரத் தகடு அறைந்த ஆணியைப் பட்டை மூடியிருக்கும். உலோகம் காட்டும் கருவியால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

உருண்டைக் கட்டையைக் கையால் பிடித்து பேண்ட்சாவில் தள்ளாதீர்கள். பல் கவ்வியதும் கட்டை உருளும், கை கூடவே போகும். பலகையில் திருகி அசையாமல் நிறுத்திய பிறகே தள்ளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், சின்னத் துண்டானாலும் கையால் பிடித்துத் தள்ளாதீர்கள்.

வெட்டிய முனைகளில் அன்றைக்கே மெழுகு பூசுங்கள். கவட்டைக்குள் பட்டை மடிந்திருந்தால் லேத்தில் ஏற்ற வேண்டாம்; சுழலும்போது அந்த இடத்தில்தான் பிய்ந்து பறக்கும். நல்ல கட்டையானாலும் முகம் முழுவதையும் மூடும் கவசத்தோடு, குறைந்த வேகத்தில், கட்டை சுழலும் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்று ஓட்டுங்கள்.