மீண்டும் வரும் இலக்கம்

நீலகிரி மாவட்டத்தில் பதிவு பெறும் ஊர்திகள் 'டி.என். 43' என்னும் குறியீட்டைத் தாங்குவன. அதனை அடுத்து வரிசையைக் காட்டும் எழுத்துகளும், இறுதியில் நான்கு இலக்கங்களும் அமையும். ஒவ்வொரு வரிசையிலும் 0001 முதல் 9999 வரை எண்கள் உண்டு. ஒரே வரிசையைச் சேர்ந்த ஊர்திகளை ஒன்றினின்று ஒன்று பிரித்து அறிவிப்பன இந்நான்கு இலக்கங்களே ஆகும்.

உதகையையும் மசினகுடியையும் இணைக்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய பாதையில் ஓர் ஊர்தி, வழிநடந்த ஒருவரை மோதி வீழ்த்திவிட்டு நில்லாது மறைந்தது என்று கொள்க. அதனைக் கண்டவர் வரிசை எழுத்துகளை மறவாது கூறினார். 2, 5, 7, 8 என்னும் நான்கு இலக்கங்களையும் கூறினார். அவை நின்ற முறையை மட்டும் மறந்துவிட்டார். காவலர் எத்தனை எண்களை ஆராய்தல் வேண்டும்?

முதல் இடத்தில் அந்நான்கனுள் எதுவும் நிற்கலாம். ஒன்று அங்கு நின்றபின், இரண்டாம் இடத்திற்கு உரியவை மூன்று. மூன்றாம் இடத்திற்கு உரியவை இரண்டு. இறுதி இடத்திற்கு எஞ்சுவது ஒன்றே. இவற்றைப் பெருக்கினால் 4×3×2×1 = 24 ஆகும். எனவே ஆராய வேண்டிய எண்கள் 24.

இனி, கண்டவர் கூறிய இலக்கங்கள் 2, 2, 5, 7 எனின் யாது விளையும்? இரண்டு 2-களும் தம்முள் இடம் மாறினும் எண் மாறுவதில்லை. ஆதலின் முன்போல் எண்ணினால், ஒவ்வோர் எண்ணும் இருமுறை எண்ணப்பட்டுவிடும். 24-ஐ 2-ஆல் வகுத்து, 12 எனக் கொள்வதே முறை. 2, 2, 5, 5 என இரண்டும் இரட்டித்து வரின், மீண்டும் 2-ஆல் வகுக்க 6 கிடைக்கும். 2, 2, 2, 5 என ஒன்று மும்முறை வரின், மூன்று 2-களும் தம்முள் 6 வகையாக இடம் மாறுதலின், 24-ஐ 6-ஆல் வகுக்க 4 எண்களே எஞ்சும். இலக்கம் மீண்டு வருந்தோறும் தேடும் பரப்புச் சுருங்குவதைக் காண்க.

இவ்வுண்மையைப் பாஸ்கராசாரியர் 1150ஆம் ஆண்டில் இயற்றிய 'லீலாவதி' என்னும் கணித நூல் தெளிவாக உரைக்கின்றது. அந்நூலின் 'அங்கபாசம்' என்னும் பகுதி, இலக்கங்களை மாற்றி அமைக்கும் வகைகளை எண்ணுதற்கு விதி கூறுகின்றது. ஒத்த இலக்கங்கள் வரும்போது எவ்வாறு வகுத்தல் வேண்டும் என்பதையும் விளக்குகின்றது.

இலக்கம் மீண்டு வருதல் அரிது என்று எண்ணுவார் பலர். அது பொருந்தாது. எவ்விலக்கமும் மீளாத எண்கள் 10×9×8×7 = 5,040 ஆகும். ஒரு வரிசையின் 9,999 எண்களிலிருந்து இதனைக் கழித்தால் 4,959 எஞ்சும். ஏறத்தாழச் சரிபாதி எண்களில் ஏதேனும் ஓர் இலக்கம் மீண்டு வருகின்றது!

ஆகவே, "ஓர் இலக்கம் இருமுறை வந்தது" என்று ஒருவர் கூறும் சிறு சான்றினையும் எளிதாகத் தள்ளுதல் ஆகாது. எந்த இலக்கம் மீண்டது என்பதையும் உடன் கூறுவாராயின், காவலரின் உழைப்பு மேலும் குறையும். குற்றம் செய்தவர் விரைவில் அகப்படவும், குற்றமற்ற ஊர்தியாளர் வீணே அலைக்கழிக்கப்படாதிருக்கவும் முறையறிந்து எண்ணும் கணக்கு துணைபுரியும்.