கைதிகள் போன தீவுக்கு ஒரு விடுமுறைப் பயணம்

1952-ம் ஆண்டில் வெளிவந்த ஒரு தமிழ்ப் படத்தின் பெயர் ‘அந்தமான் கைதி’. 1978-ல் வெளிவந்த இன்னொரு படத்தின் பெயர் ‘அந்தமான் காதலி’. அத்தீவின் கதையை இந்த இரண்டு பெயர்களிலேயே சொல்லிவிடலாம். போனால் திரும்ப முடியாது என்று நம் தாத்தாக்கள் பயந்த இடம் அது. இன்று அங்கே லீவு எழுதிக் கொடுத்து, பணம் சேர்த்து, பிள்ளை குட்டிகளோடு போய் வருகிறார்கள்.

பிழைப்புக்காக வேறு மாநிலத்தில் இருக்கும் நமக்கு ஆண்டு விடுமுறை என்றால் ஊருக்குப் போவதுதான். கல்யாணம், காதுகுத்து, உறவினர் வீடு என்று அது கரைந்துவிடும். ஒரு முறையாவது வேறு திசையில் போய்ப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் அந்தமானைப் பற்றி யோசிக்கலாம். பாஸ்போர்ட் தேவையில்லை. மொழித் தொல்லையும் அதிகமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிகோபார் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளி, இந்திக்கு அடுத்த இடம் நம் மொழிக்குத்தான்.

போவது எப்படி?

சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பல் உண்டு. சென்னையிலிருந்து கடல் வழி சுமார் 1,190 கிலோமீட்டர். ஏறக்குறைய மூன்று நாள் பயணம். தினசரிக் கப்பல் கிடையாது. தேதியை விசாரித்த பிறகே லீவு போட வேண்டும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். மத்திய அரசு ஊழியர்கள் எல்.டி.சி. சலுகையில் போய் வருவதுண்டு. அப்போதைய விதி என்ன என்பதை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

வந்திறங்கும் ஊர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அங்கே விடியற்காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். மாலையில் சீக்கிரம் இருட்டிவிடும். ஆகவே ஊர் சுற்றுவதைக் காலையிலேயே தொடங்குவது உத்தமம்.

முதலில் சிறை

பலரும் கடற்கரையில் தொடங்கி, கடைசி நாளில் அவசரம் அவசரமாகச் சிறையை எட்டிப் பார்க்கிறார்கள். இதை மாற்றிச் செய்ய வேண்டும். சிறையைப் பார்த்த பிறகுதான் மற்ற இடங்களின் பொருள் விளங்கும்.

1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்த செல்லுலர் சிறையில், நடுவில் ஒரு கோபுரமும் அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு நீண்ட கட்டடங்களும் இருந்தன. மூன்று மாடிகளில் 690-க்கு மேற்பட்ட தனி அறைகள். ஓர் அறையின் நீளம் பதின்மூன்றரை அடி, அகலம் ஏழரை அடி. ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். எதிரே இன்னொரு மனித முகம் தெரியக் கூடாது என்பதே நோக்கம். நாளொன்றுக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் செக்கில் ஆட்டித் தர வேண்டும் என்பது கைதிகளின் கணக்கு. குறைந்தால் தண்டனை.

1933 மே மாதத்தில் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தபோது அவர்களுக்குப் பலவந்தமாகப் பால் புகட்டினார்கள். அதன் விளைவாக மகாவீர் சிங், மோகித் மைத்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் மூவரும் உயிர் விட்டார்கள். ஏழு கட்டடங்களில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்று. இடித்த இடத்தில் ஒரு மருத்துவமனை நடக்கிறது. 1979 பிப்ரவரி 11 அன்று சிறை தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மாலையில் ஒலி-ஒளிக் காட்சி உண்டு.

எதிரே ஒரு மாளிகைத் தீவு

சிறையின் மேல்தளத்தில் நின்றால் எதிரே கடலில் ராஸ் தீவு தெரியும். 2018 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. வெள்ளை அதிகாரிகள் அங்கேதான் குடியிருந்தார்கள். மாதா கோயில், ரொட்டி அடுமனை, நடனக் கூடம் எல்லாம் இருந்தன. 1941 ஜூனில் வந்த பூகம்பம் பலவற்றை உலுக்கியது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் அந்தமானைப் பிடித்தார்கள். இன்று அந்த மாளிகைச் சுவர்களை மரங்களின் வேர்கள் பற்றிப் பிடித்திருக்கின்றன, மான்கள் உலவுகின்றன. படகில் சில நிமிஷங்களில் போய்விடலாம்.

பாலம் வழியாகப் போகக்கூடிய சாத்தம் தீவில் 1883-ல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலை இருக்கிறது. போரில் குண்டு விழுந்த பள்ளத்தை இன்றும் காட்டுகிறார்கள். பழைய சிவப்பு நிற இருபது ரூபாய் நோட்டு கையில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அதன் பின்புறம் உள்ள படம், மவுண்ட் ஹாரியட் மலைப் பகுதியின் கடற்காட்சிதான். 2021-ல் அம்மலைக்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

குளிக்கவும் களிக்கவும் ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை இருக்கிறது. இப்போது அது சுவராஜ் தீவு. நீல் தீவில், அதாவது இன்றைய ஷஹீத் தீவில், கடல் அரித்த இயற்கைப் பாலம் உண்டு. கரையில் கிடக்கும் பவளப் பாறைத் துண்டைப் பிள்ளைகள் ஆசையாக எடுப்பார்கள், தடுத்துவிடுங்கள். எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.

மனிதர்கள் காட்சிப் பொருள் அல்ல

பாராடாங் தீவில் சேற்று எரிமலையும் சுண்ணாம்புக் குகையும் உண்டு. அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் செல்கிறது. வண்டிகளைக் காவலர்கள் துணையுடன் கூட்டமாகத்தான் விடுவார்கள். வழியில் நிறுத்தக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. தின்பண்டம் எறியக் கூடாது. மிருகக்காட்சி சாலைக்குப் போவதுபோல் அவர்களைப் பார்க்கவென்றே போவோரும் இருக்கிறார்கள். புது ஊரில் நம்மை வேடிக்கை பார்த்தால் நம் மனம் என்ன பாடுபடும் என்பது நமக்குத் தெரியும். நாமே அதைச் செய்யலாமா?

இன்னும் தெற்கே நிகோபார் தீவுகள். அங்கே நினைத்தபடி சுற்றுலா செல்ல முடியாது. ஆயினும் கச்சல் தீவை நாம் மறக்கக் கூடாது. 1964-ல் செய்த சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சில, அங்கே ரப்பர்த் தோட்ட வேலையில் குடியேறின. 2004 டிசம்பர் 26 சுனாமி அத்தீவைக் கடுமையாகத் தாக்கியது. வேலை தேடிக் கடல் கடந்த தமிழரின் கதையில் அதுவும் ஓர் ஏடு.

பெயர்களைப் படியுங்கள்

சிறையின் நடுக் கோபுரத்தில் கைதிகளின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். வங்காளிகள், பஞ்சாபியர், மராட்டியர் என்று வரிசை நீளும். நமக்கு இன்று வேலையும் வீடும் தந்திருக்கும் மாநிலங்களின் பிள்ளைகள் அவர்கள். பிள்ளைகளை அங்கே நிறுத்தி, சில பெயர்களையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

நாம் போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். கல்லில் பெயராக மட்டும் நிற்கும் பலருக்கு அது கிடைக்கவில்லை.