நடுவானில் எஞ்சின் சூடானால் என்ன ஆகும்? சிறிய விமானங்களின் கூலிங் சிஸ்டம் பழுதாவது எப்படி?

காரில் எஞ்சின் ஓவர்ஹீட் ஆனால் ஓரமாக நிறுத்தி, பானட்டைத் திறந்து ஆறவிடலாம். ஒரே ஒரு எஞ்சினை நம்பிப் பறக்கும் சிறிய விமானத்தில் அந்த வசதி கிடையாது. அப்போ விமானி என்ன செய்வார்?

ரேடியேட்டர் இல்லாத எஞ்சின்

பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் பறக்கும் செஸ்னா 172 போன்ற விமானங்களின் பெட்ரோல் எஞ்சினில் ரேடியேட்டரும் இல்லை, கூலன்ட்டும் இல்லை. பைக் எஞ்சினில் இருப்பதைப் போலவே சிலிண்டரைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். விமானத்தின் முன்பக்கத் திறப்பு வழியாக நுழையும் காற்று, இவற்றுக்கு இடையே மேலிருந்து கீழாகப் பாய்ந்து சூட்டை வெளியேற்றும். இன்னொரு பகுதி சூட்டை எஞ்சின் ஆயில் சுமந்து, ஆயில் கூலருக்குக் கொண்டு போகும்.

பழுது எங்கே தொடங்கும்?

காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். அது சிலிண்டர் இடுக்குக்குள் போக வேண்டும் என்பதற்காகவே தடுப்புத் தகடுகளும், அவற்றின் ஓரத்தில் ரப்பர் பட்டைகளும் பொருத்துகிறார்கள். அந்த ரப்பர் கிழிந்தாலோ மடங்கினாலோ, காற்று சிலிண்டரைத் தொடாமலேயே நழுவிவிடும்.

நிறுத்தி வைத்த விமானத்தில் பறவை கட்டிய கூடு, அழுக்கு அடைத்த ஆயில் கூலர், ஆயில் அளவு குறைவது ஆகியவையும் காரணங்கள்.

ஆபத்தான நேரம் எது?

டேக் ஆஃப் ஆனதும் மேலே ஏறும் நிமிடங்கள்தான். அப்போது எஞ்சின் முழு சக்தியில் இயங்கும். வேகமோ குறைவு, அதனால் உள்ளே வரும் காற்றும் குறைவு. வெயில் காலம் என்றால் இன்னும் சிக்கல்.

லைகாமிங் நிறுவனத்தின் பல எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட் வெப்பநிலைக்கான உச்சவரம்பு 260 டிகிரி செல்சியஸ். எஞ்சின் நீண்ட நாள் உழைக்க, சுமார் 224 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்லது என்கிறது அந்நிறுவனம். சூடு எல்லை மீறினால் அலுமினிய ஹெட் வலுவிழந்து விரிசல் விடலாம், பிஸ்டன் சேதமாகலாம். கடைசியில் எஞ்சினே நின்றுபோகலாம்.

விமானி என்ன செய்வார்?

உயரம் வேண்டும் என்று மேலும் ஏறினால் சூடு கூடும். அதனால் முதலில் விமானத்தின் மூக்கைச் சற்றே தாழ்த்துவார். வேகம் கூடும், காற்றும் கூடும். அடுத்து, கலவையில் பெட்ரோலின் அளவைக் கூட்டுவார். இதுவும் சூட்டைக் குறைக்கும். பாதுகாப்பான உயரம் இருந்தால் எஞ்சின் சக்தியையும் குறைப்பார். அப்படியும் சூடு இறங்கவில்லை, அல்லது ஆயில் அழுத்தம் விழுகிறது என்றால் யோசிக்கவே கூடாது. பக்கத்தில் உள்ள விமான நிலையத்தில் உடனே தரையிறங்க வேண்டும்.

கூலன்ட் உள்ள எஞ்சினில்?

ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் சிலிண்டரைக் காற்றும், ஹெட்டைக் கூலன்ட்டும் குளிர்விக்கின்றன. இதில் ஹோஸ் கசிவுதான் பெரிய கவலை. கூலன்ட் முழுசாக வடிந்துவிட்டால், திரவத்தின் சூட்டை அளக்கும் சென்சார் காட்டும் எண்ணை நம்ப முடியாது. சூடு ஏறியிருந்தாலும் மீட்டர் குறைவாகக் காட்டலாம்!

இவற்றில் பல கோளாறுகளைத் தரையிலேயே பிடித்துவிடலாம். கிளம்பும் முன் ஆயில் அளவு பார்ப்பது, காற்றுத் திறப்புக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது, ரப்பர் பட்டைகளையும் ஹோஸ்களையும் பராமரிப்பின்போது சோதிப்பது. சில நிமிட வேலைதான், ஆனால் நடுவானில் இதைச் செய்ய முடியாது.