'எல்' பலகை மாட்டும் முன்...

"வீதி விதிப் புத்தகத்திலுள்ள கேள்வி பதில்களை அப்படியே பாடமாக்கினால் பரீட்சையில் சித்தியடைந்து விடலாமா, மௌலவி?"

ஸ்கூட்டர் பழக விரும்பும் சகோதரிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சித்தியடைந்து விடலாம். எழுத்துப் பரீட்சையில் 40 வினாக்கள். 30க்குச் சரியான விடையளித்தால் போதும். வினாத்தாள் தமிழிலும் கிடைக்கும். 18 வயது நிறைந்து, மருத்துவச் சான்றிதழும் பெற்றுவிட்ட ஒரு பெண்ணுக்கு அது பெரிய மலையல்ல.

மனனம் செய்வதைக் குறை சொல்பவனல்லன் நான். என் தொழிலே அதுதான். ஆனால் சட்டத்தை மட்டும் பாடமாக்கிய மாணவனுக்கும், அதன் காரணத்தோடு கற்ற மாணவனுக்கும் உள்ள வேறுபாடு, பாடத்தில் இல்லாத ஒரு பிரச்சினை வந்து நிற்கும்போது தெரிந்துவிடும். வீதியிலோ சந்திக்குச் சந்தி புதுப் பிரச்சினைதான். அங்கே எந்த விடைக்குக் கீழே கோடிடுவது என்று யோசிக்க நேரமில்லை.

பெண்கள் வாகனம் ஓட்டலாமா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. சவூதி அரேபியாவிலேயே 2018 ஜூன் 24 முதல் பெண்கள் வாகனம் ஓட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்களோ தலைமுறை தலைமுறையாகச் சைக்கிள் ஓடி வந்தவர்கள். அந்தச் சைக்கிள் பழக்கம்தான் இங்கே நாம் கவனிக்க வேண்டிய விடயம்.

1990களின் முற்பகுதியில் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்தது. இருந்த ஒன்றிரண்டு பழைய கார்களும் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. மற்றபடி வீதியெல்லாம் சைக்கிள்தான். 1990இல் நின்றுபோன யாழ்தேவி, யாழ்ப்பாண நிலையத்துக்கு மீண்டும் வந்து சேர்ந்தது 2014 ஒக்டோபரில். ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009இல்தான் மறுபடி திறந்தது. அதன் பின்னர் மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் மளமளவென்று வந்து குவிந்தன. வாகனம் வந்த வேகத்தில் பழக்கம் வரவில்லை. மூவர் பக்கம் பக்கமாகக் கதைத்துக்கொண்டு போவது, ஒழுங்கையிலிருந்து நிற்காமல் வீதியில் ஏறுவது, "கொஞ்சத் தூரம்தானே" என்று வலப்பக்கத்தாலேயே போவது... சைக்கிளில் இவையெல்லாம் ஒரு சிராய்ப்போடு முடிந்தன.

நம்மவர் நிலை இன்னொரு விதம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் சோனகத் தெருவிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்திலும் பிற ஊர்களிலும் வளர்ந்தார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்குத் தாயும் தந்தையும் பிறந்த ஊரின் ஒழுங்கைகளே புதியவை.

அந்த ஒழுங்கையையே முதற் பாடமாக எடுத்துக்கொள்வோம். பக்கத்து ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறுபவர், பிரதான வீதியில் செல்வோருக்கு வழிவிட வேண்டும். இது விதி. காரணம் என்ன? முன்பு கிடுகு வேலியும் பனையோலை வேலியும் இருந்த இடங்களில் இன்று ஆளுயர மதில்கள். ஸ்கூட்டரின் முன்சில்லு வெளியே வந்த பிறகுதான் ஓட்டுபவரின் கண் வெளியே வருகிறது. பிரதான வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் கடந்து விடுகிறார். உங்களைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்தவே அவருக்கு ஒரு விநாடி அளவு செல்லும். அந்த 14 மீற்றரிலும் அவருடைய வேகம் சற்றும் குறைவதில்லை. நிறுத்தக் கூடிய நிலையில் இருப்பவர் நீங்கள்தான். ஆகவே நிற்கும் கடமையும் உங்களுக்கே வந்தது.

சுற்றுவட்டத்தில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுவதும் இப்படித்தான். நாம் வீதியின் இடப்பக்கத்தால் செல்கிறோம். அதனால் வட்டத்துக்குள் ஏற்கனவே இருப்பவர் நமக்கு வலப்புறமிருந்தே வருவார். அவர் வெளியேறினால்தான் வட்டம் காலியாகும். புதிதாக நுழைபவருக்காக உள்ளே இருப்பவர் நின்றால், சற்று நேரத்தில் ஒருவரும் அசைய முடியாது.

வீதிச் சின்னங்களில் படத்தைப் பார்க்கு முன் வடிவத்தைப் படியுங்கள். மஞ்சள் நிறச் சாய்சதுரம் எச்சரிக்கை. சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடை. நீல வட்டம் கட்டாயம் செய்ய வேண்டியது. 'நில்' பலகை எட்டு மூலையாகவும், 'வழிவிடு' பலகை தலைகீழ் முக்கோணமாகவும் இருப்பதும் காரணத்தோடுதான். எழுத்தைப் புழுதி மூடியிருந்தாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவற்றை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

புகையிரதக் கடவை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 24 வருடங்கள் ரயில் ஓடாத ஊரில் தண்டவாளமே மறைந்துபோன இடங்களில் மக்கள் நடந்து, சைக்கிள் ஓடி, பிள்ளைகள் விளையாடி வளர்ந்தார்கள். ரயிலின் சில்லும் இரும்பு, பாதையும் இரும்பு. பிடிப்புக் குறைவு, பாரமோ அதிகம். சாரதி பிரேக் போட்டாலும் அது நிற்கப் பல நூறு மீற்றர் செல்லும்; வெட்டித் திருப்பவும் வழியில்லை. ஆகவே மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும், கடவைக் காவலாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நின்று இரு பக்கமும் பார்த்த பின்பே கடக்க வேண்டும். நமது சகோதரிகளுக்கு ஒரு மேலதிக எச்சரிக்கை: ஹிஜாபின் மேல் தலைக்கவசமும் ஏறும்போது சத்தம் மங்கிவிடும். காதை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கவும் வேண்டாம்; சில்லு இடைவெளியில் சிக்கும். நேர்குறுக்காகக் கடந்து விடுங்கள்.

உடை விடயம் எந்த வினாத்தாளிலும் வராது. தலைக்கவசத்துக்குக் கீழே ஊசி குத்தாதீர்கள். விழுந்தால் அதுவே காயமாகும். துணியைத் தட்டையாகக் கட்டி, நாடியின் கீழ்ப் பட்டியை இறுக்குங்கள். அபாயாவின் தொங்கலும் சால்வையின் நுனியும் பின்சில்லுப் பக்கம் போகாதபடி மடித்து உட்காருங்கள். பின்னால் இருப்பவரையும் அப்படியே உட்கார வையுங்கள்.

பின்னால் ஒருவர் என்றால் ஒருவர்தான். கணவன், மனைவி, நடுவிலொரு பிள்ளை, முன்னால் நின்றபடி இன்னொரு பிள்ளை என்று பள்ளிக்கூட நேரத்தில் காணும் காட்சி சட்டத்துக்கு முரணானது. பெரியவர்கள் தலைக்கவசம் அணிந்து, பிள்ளையின் தலையை வெறுமையாக விட்டுச் செல்வதை என்னால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை. வீதியோரத்தில் உட்கார்ந்திருந்த தோழர்களிடம் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருப்பதை அதில் ஒன்றாகவும் எண்ணினார்கள். உட்கார்ந்திருப்பவருக்கே அந்தக் கடமை என்றால், சில்லின் மேல் விரைபவருக்கு எவ்வளவு!

படிக்கும் முறைக்கு ஒரு யோசனை. புத்தகத்தோடு தனியே உட்காராதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டிலுள்ள ஆண்களிடம் அந்த வினாக்களைக் கேளுங்கள். அவர்களில் பலர் பரீட்சை எழுதி இருபது வருடமாகியிருக்கும். சுற்றுவட்டக் கேள்வியை முதலில் கேளுங்கள். விடை சொன்னால், "ஏன்?" என்றும் கேளுங்கள்.